பத்து விநாடிப் பெட்டி

1989இல் தூத்துக்குடியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஆட்கள் துண்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுப்பார்கள். டபுள் டெக்கில் ஓட்டிப் பதிந்து கொடுப்பேன். கப்பலுக்குப் போய்வரும் ஒரு அண்ணன் ஒருநாள், "தம்பி, இதுல ரெண்டு காப்பி போட்டு வை" என்று ஒரு கேசட்டை நீட்டினார். அமெரிக்க ராப் குழுவான பப்ளிக் எனிமியின் 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்'. 1988இல் வந்தது.

அதில் ஒரு பாட்டில், கெட்டில் கொதித்து விசிலடிப்பதுபோல ஒரு வீறிடல், நிற்கவே இல்லை. டெக்கின் ஹெட்டில் அழுக்கு என்று நினைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே வீறிடல். பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் வாத்தியக் குழுவான ஜே.பி.ஸ் வாசித்த ரெக்கார்டில் சாக்ஸபோன் ஒரு கணம் அலறிய இடம் அது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு கணத்தை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்கள். இப்படி வெட்டி எடுக்கும் துண்டுக்கு சாம்பிள் என்று பெயர்.

இந்த வெட்டு வேலையின் தொடக்கம் நியூயார்க்கின் பிராங்ஸ். 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தாள். ஜமைக்காவில் பிறந்த அவள் அண்ணன் கூல் ஹெர்க்தான் டி.ஜே. பாட்டில் டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தில்தான் கூட்டம் துள்ளுகிறது என்று கண்டுகொண்டவர் அவர். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்து, மாற்றி மாற்றிப் போட்டு அந்த இடத்தை நீட்டினார்.

அவர் கையால் செய்ததைச் செய்ய, ரெக்கார்டுத் துண்டுகளைப் பதிந்து திரும்ப ஓட்டும் எஸ்.பி.-1200 என்ற பெட்டி 1987இல் வந்தது. அதில் மொத்தமே பத்து விநாடிதான் பதியலாம். ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய ரெக்கார்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இடம் மிச்சம், கூடவே சத்தத்தில் ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்புக்கு நான் அடிமை.

எனக்குப் பிடித்த மூன்று ஆல்பங்களிலும் பாடியவர்கள் பிராங்ஸ்காரர்கள் இல்லை, லாங் ஐலண்ட் புறநகர்ப் பையன்கள். ஒன்று மேலே சொன்ன பப்ளிக் எனிமி ஆல்பம். இன்னொன்று எரிக் பி., ரக்கீம் இருவரின் 'பெய்ட் இன் ஃபுல்' (1987). ரக்கீம் கத்துவதே இல்லை. இயைபு அடியின் கடைசியில்தான் விழ வேண்டும் என்றில்லாமல் நடுவிலும் விழும். சாக்ஸபோன் வாசித்த பையன். மூச்சு நிற்குமிடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது டி லா சோல் குழுவின் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' (1989). பிரெஞ்சு கற்றுத்தரும் ரெக்கார்டைக்கூட விட்டுவைக்காத குறும்பு.

அந்த பிரெஞ்சுப் பாடத்துக்கு அடியில் ஓடியது டர்ட்டில்ஸ் குழுவின் இசை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள். 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் மீதான இதேபோன்ற இன்னொரு வழக்கில், திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார் நீதிபதி. அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, காசு. ஒரு பாட்டில் பத்துத் துண்டு அடுக்குவது கட்டுப்படியாகவில்லை.

நீதிபதியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' ரெக்கார்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு அடித்த சில விநாடித் தாளத்தை எத்தனையோ பாட்டில் எடுத்தாண்டார்கள்; அவருக்கு ராயல்டி கிடையாது. நானும்தான் இளையராஜா பாட்டைக் கேசட் கேசட்டாகப் பதிந்து விற்ற கடையில் சம்பளம் வாங்கினேன்.

டி லா சோலின் அந்த ஆல்பம் சாம்பிள் உரிமைச் சிக்கலிலும் ஒப்பந்தத் தகராறிலும் கிடந்து, 2023 மார்ச் 3 அன்றுதான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகர் அதற்கு 19 நாள் முன்பு இறந்திருந்தார்.