அஸ்தினாபுரத்து ஊர்வழி

பெருவழிகளுக்கு வரலாறு உண்டு, ஊர்வழிகளுக்கு இல்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தகடூர்ப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளத்துக்கு 29 காதம் எனத் தொலைவு கூறுகின்றது. எழுத்தறியாதாரும் உணரும்பொருட்டு அவ்வெண்ணைக் குழிகளாலும் காட்டுகின்றது. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பாறையில் இராசகேசரிப் பெருவழியின் பெயர் பொறிக்கப்பெற்றுள்ளது. இங்ஙனம் கல் நாட்டப்பெறாத சிறுவழியின் வரலாற்றை எவ்வாறு அறிவது? சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்த அஸ்தினாபுரத்துச் சாலையைக்கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

குரோம்பேட்டையில் தென்பெருஞ்சாலையையும் இருப்புப்பாதையையும் கடந்து, கிழக்கே நெமிலிச்சேரி, அஸ்தினாபுரம் ஆகியவற்றின் வழியே செம்பாக்கத்தின் பக்கம் செல்லும் வழி இது. நடந்தே கடக்கத்தக்க சிறுதொலைவினது. எனினும் இதன் இருமருங்கிலும் உள்ள ஊர்ப்பெயர்கள் பல காலத்தனவாகும். சிட்லபாக்கம், செம்பாக்கம், நெமிலிச்சேரி என்பன, தொண்டைநாட்டில் மிகுதியாக வழங்கும் பாக்கம், சேரி என்னும் ஈறுகளைக் கொண்டவை. அஸ்தினாபுரம் பாரதக் கதையின் குருகுலத் தலைநகர்ப் பெயரைத் தாங்கியது. குரோம்பேட்டையோ, குரோமிய உப்பினால் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் 20ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்றது. உழவும் கதையும் தொழிலும் ஒரே வழியில் அடுத்தடுத்து நிற்றல் காண்க.

இனி, பழைய ஆவணங்களில் ஊர்வழி எவ்வாறு இடம்பெறுகின்றது என்பதை நோக்குவோம். உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களில் நிலத்தின் இருப்பிடம், இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு என வரையறுக்கப்படுகின்றது. வதி என்பது வழி. ஆண்டு வழியைப் பற்றித் தனிச் செய்தி இல்லை. நிலத்தை அளக்கும் கோடாகவே அது குறிக்கப்படுகின்றது. வழியும் வாய்க்காலும் இணைந்தே கூறப்படுவதும் கருதத்தக்கது. ஆகவே சிறுவழியின் வரலாற்றை வழியின் பெயரால் தேடுதல் பயன் தராது. எல்லைக் குறிப்புக்களிலும் நீர்நிலைக் குறிப்புக்களிலும் தேடுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

அஸ்தினாபுரத்துச் சுற்றுப்புறத்துக்கு இம்முறை மிகவும் பொருந்தும். இது தொடரேரிகளின் நாடு. சிட்லபாக்கத்து ஏரியின் மிகைநீர் செம்பாக்கத்து ஏரியை அடைந்து, நன்மங்கலம் முதலிய ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்வது பழைய அமைப்பு. இத்தகைய ஊர்களில் வண்டித்தடம் வயலின் நடுவே செல்லாது. கரையையும் மேட்டையும் பற்றியே செல்லும். எனவே, இவ்வழியும் தொடக்கத்தில் ஏரிக்கு ஏரி, ஊருக்கு ஊர் இணைத்த தடமாகவே இருந்திருத்தல் வேண்டும் எனக் கொள்வது பொருந்தும்.

அதன் முகத்தை மாற்றியது இருப்புப்பாதை. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. 1949இல் சி. இராசம் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தை நிறுவினார். நகரில் பணிபுரிவோர் குடியேறியபின், ஏரியை நோக்கிய வழி நிலையத்தை நோக்கிய சாலையாயிற்று. இன்று அதன் ஒரு பகுதி, 1950 முதல் 1962 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய இராசேந்திர பிரசாத்தின் பெயரைத் தாங்கி நிற்றலும் இப்புதுநிலைக்குச் சான்றாகும். 2021இல் இப்பகுதி தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியது.

வழி திரும்பியதேயன்றி நீர் திரும்பவில்லை. சாலைகளை மேன்மேலும் உயர்த்தி, வீட்டுமனைகளை வகுத்தபோது, கால்வாய்கள் குறுகின, சில மறைந்தன. 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் தென்புறநகர்கள் பல நீரில் மூழ்கியபோது, மறந்துபோன நீர்வழிகள் தம் இருப்பிடத்தைத் தாமே காட்டின. கல்வெட்டில் வதியையும் வாய்க்காலையும் ஒருங்கே எழுதியோர் அறிந்திருந்த உண்மை இதுவேயாகும்.

நில அளவைப் படங்களில் வண்டித்தடம், ஏரிக்கரை, கால்வாய், புறம்போக்கு என்பன தனித்தனியே வரையப்பட்டுள்ளன. அவற்றை ஊர்ப்பெயர்களோடும் கல்வெட்டு எல்லைகளோடும் ஒப்பிட்டு ஆராய்தல் முதுகலை மாணவர்க்கு உரிய நற்பணியாகும். பெருவழியின் கல்லை அருங்காட்சியகம் காக்கும். ஊர்வழிக்கு அப்படத்தாள்களே கல்வெட்டு. அவை சிதையுமுன் படியெடுத்துக் காத்தல் தமிழாய்வார் கடனாம்.