செயினுக்குத் தனி ஜாதகம்

அப்பாவோ தாத்தாவோ கட்டிய வாட்ச் கைக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், அதில் கிடக்கும் ஸ்பிரிங் செயினைக் கழற்றிப் போடுவதுதான். கை மயிரைப் பிடுங்கும், இடுக்கில் அழுக்கு அடைந்திருக்கும், ஓரங்களில் முலாம் போய்ப் பித்தளை தெரியும். அடுத்து, இந்த வாட்சுக்கு ‘ஒரிஜினல்’ செயின் எது என்று தேட ஆரம்பிப்பார்கள். தடுமாற்றமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய வாட்சும் அதன் செயினும் பெரும்பாலும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல. வாட்சைச் செய்தவர்கள் ஒரு ஊர்க்காரர்கள், செயினைச் செய்தவர்கள் வேறு ஊரில் வேறு தொழில் பார்த்தவர்கள்.

முதலில் செயினே கிடையாது. 1899-ல் மூண்ட போயர் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர், பாக்கெட் வாட்சைத் தோலுறையில் செருகி மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் ஆயுதம் என்று இருப்பவன் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? முதல் உலகப் போர் வந்தபோது சிறிய வாட்சின் இரு பக்கமும் கம்பி வளையம் பற்றவைத்து, அதில் தோல் வாரைக் கோத்தார்கள். பெண்களின் நகையாக அதுவரை இருந்த கைக்கடிகாரம் ஆண்கள் கைக்கு வந்தது இப்படித்தான். அந்தப் போர்க்கால வாட்ச் ஒன்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செயின் தேடுகிறவர், அன்றைக்குக் கடையிலேயே இல்லாத சரக்கைத் தேடுகிறார். அதற்குத் தோல் வார்தான் சரி.

தோலுக்குச் சத்துரு வியர்வை. இறுகும், நாறும், தையல் விட்டுப்போகும். தங்கத்திலும் வெள்ளியிலும் செயின் செய்யலாம்தான், ஆனால் தினமும் கட்டுகிறவனுக்குக் கட்டுப்படியாகாது. சாதாரண இரும்பு துருவேறும். ஆகவே செயின் பிறக்க முதலில் துருவேறாத எஃகு பிறக்க வேண்டியிருந்தது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-ல் குரோமியம் கலந்த எஃகைக் காய்ச்சினார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் குருப் ஆலையில் குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்தது. நூற்றுக்குப் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் கொண்ட கலவைதான் வாட்ச் தொழிலுக்கு ஒத்துவந்தது. 1930-களின் வாட்ச் சிலவற்றில் பின்மூடியைத் திருப்பினால் ‘ஸ்டேபிரைட்’ என்று பொறித்திருக்கும். அந்த எஃகின் வியாபாரப் பெயர் அது. எஃகுக் கூடு என்பதே பெருமையாக இருந்த காலம்.

அந்தக் காலத்துச் செயின்களில் எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தின் ‘பான்கிளிப்’. மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துக் குறுக்குச் சட்டங்களாக அடுக்கி, ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். எந்தச் சட்டத்தில் வேண்டுமானாலும் கொக்கியை மாட்டலாம், மிச்ச நுனி அடியில் படிந்துகொள்ளும். கண்ணியை எடுக்கவோ சேர்க்கவோ வாட்ச் கடைக்குப் போக வேண்டாம். வாட்சில் செயினைக் கோக்கும் கம்பியைக் கழற்ற முடியாதபடி பற்றவைத்திருந்தாலும் மாட்டலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையினரின் கையில் இது அதிகம் தெரியக் காரணம் இதுதான். அந்தக் காலத்துப் பட்டாள வாட்ச் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தால், பளபளக்கும் கனத்த செயினைப் போட்டுக் கெடுக்காதீர்கள்.

ஜெனீவாவில் கதை வேறு மாதிரி நடந்தது. அங்கே கே ஃப்ரேர் என்று ஒரு நிறுவனம், 1835 முதல் சங்கிலி செய்துவந்தது. சங்கிலி என்றால் பாக்கெட் வாட்சைக் கோட்டோடு பிணைக்கும் சங்கிலியும் அதில் சேர்த்தி. வாட்ச் பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியதும் இவர்களும் கூடவே ஏறிவிட்டார்கள். ரோலெக்ஸ், பட்டேக் ஃபிலிப், ஜெனித், ஹோயர் என்று எந்தப் பெரிய பெயரை எடுத்தாலும், அதன் பழைய செயின்களில் பல இவர்கள் பட்டறையில் செய்தவை. முகப்பில் இருப்பது ஒருவர் பெயர், உழைப்பு இன்னொருவருடையது.

அந்தத் தலைமுறைச் செயினைக் கையில் எடுத்தால் முதலில் உறைப்பது அதன் லேசுதான். கண்ணிகள் உள்ளே கூடு. தகட்டை மடித்துச் செய்தவை, ஆட்டினால் கலகலக்கும். இது போலி என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கலகலப்பதுதான் அசல், கெட்டிக் கண்ணி பின்னால் வந்தது. ரோலெக்ஸின் ஆய்ஸ்டர் செயினில் பக்கவாட்டில் ஆணித்தலைகள் வரிசையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் 1950, 60-களின் வேலை. 1945-ல் டேட்ஜஸ்ட் வாட்சோடு வந்த ஜூபிலி செயினில் ஒரு வரிசைக்கு ஐந்து துண்டுகள், ஆய்ஸ்டரில் மூன்று. கொக்கியைத் திறந்து உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பல செயின்களில் காலாண்டும் ஆண்டும் பொறித்திருக்கும். 3 64 என்றால் 1964-ன் மூன்றாம் காலாண்டு. ஒமேகாவின் கொக்கிகளிலும் இதே வழக்கம் உண்டு.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு சிலர் படுத்தும் பாடு தனி. வாட்ச் 1963, செயின் 1964, ஆகவே பொருந்தாது என்பார்கள். வாட்ச் விற்காமல் கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு வருஷம் கிடந்திருக்கலாம். தோல் வாரோடு வாங்கியவர் அடுத்த போனஸில் செயின் போட்டிருக்கலாம். ஒன்றிரண்டு வருஷ வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பத்து வருஷம் தள்ளியிருந்தால், பழைய செயின் தேய்ந்து பிறகு மாற்றியது என்று கொள்ளலாம்.

இனி, கழற்றிப் போட்ட அந்த ஸ்பிரிங் செயின். அதன் பூர்வீகம் தென்மேற்கு ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம். 1767-ல் பாடன் நாட்டு மன்னர் கார்ல் ஃபிரீடரிக், அந்த ஊர் அநாதை இல்லத்தில் கடிகாரமும் நகையும் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்க அனுமதி கொடுத்தார். இல்லத்துப் பிள்ளைகள் தொழில் கற்றார்கள். காலப்போக்கில் கடிகாரத்தை நகை முந்தியது, ஊருக்குத் ‘தங்க நகரம்’ என்றே பெயர் வந்தது. 1945 பிப்ரவரி 23 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய குண்டுகளில் நகரம் எரிந்து சாம்பலானது, 17,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தச் சாம்பலிலிருந்து எழுந்து மறுபடி தொழிலுக்குத் திரும்பிய ஊரில்தான், ரோடி அண்ட் வீனன்பெர்கர் நிறுவனத்தின் கார்ல் ஷ்டீகெலே என்பவர் 1950-களில் இந்த விரியும் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். ‘ஃபிக்ஸோஃப்ளெக்ஸ்’ என்று விற்றார்கள்.

நீட்டுச் செயின் அதற்கு முன்பும் உண்டு. இதில் புதுமை உள்ளே இருக்கிறது. செயினைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சிறுசிறு தகட்டுக் கூடுகள் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. மேல்வரிசைக் கூடு ஒவ்வொன்றும் கீழ்வரிசையின் இரண்டு கூடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். ஓரங்களில் ப வடிவக் கம்பிகள் இரு வரிசையையும் தைக்கின்றன. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் வளைந்த பொடித் தகட்டு ஸ்பிரிங் ஒன்று, அந்தக் கம்பியின் காலை அழுத்திக்கொண்டே இருக்கும். இழுத்தால் கம்பிகள் சாய்ந்து கூடுகள் விலகும், விட்டால் ஸ்பிரிங் அவற்றை நிமிர்த்தி மூடும். மூடும்போது நடுவில் சிக்குவதுதான் நம் கை மயிர். கொக்கி கிடையாது, கைவழியே நுழைத்தால் போதும். முறுக்கலாம், முடிச்சுகூடப் போடலாம். அமெரிக்காவில் ஸ்பைடெல் நிறுவனம் 1959-ல் ‘ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ்’ என்று இதைக் கொண்டுவந்தபோது விளம்பரத்தில் முடிச்சுப் போட்டே காட்டியது. அந்த நிறுவனத்துக் குடும்பத்தின் பூர்வீகமும் ஃபோர்ட்ஸ்ஹைம்தான்.

மேல்வரிசைக்கு ரோல்டு கோல்டு, தோலில் படும் அடிவரிசைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று செய்ததும் நல்ல யோசனை. பார்வைக்குத் தங்கம், வியர்வைக்கு எஃகு. நம் ஊர் வாட்ச் கடைகளில் தொங்கியவற்றில் பெரும்பாலானவை இதே அமைப்பைப் பின்பற்றி எங்கெங்கோ அடித்தவை, முலாமும் சொற்பம்தான்.

ஆகவே உங்கள் கையில் இருப்பது 60-களின் ஃபாவ்ர்-லூபா ஸீ கிங் என்றால், ஜெனீவாச் செயினைத் தேடி அலைவதில் எனக்கு உடன்பாடில்லை. அன்று அதை வாங்கியவர் தோல் வாரோடு வாங்கி, வார் இற்றதும் கடைத்தெருவில் ஸ்பிரிங் செயின் மாட்டினார். காலத்துக்குப் பொருந்துவது என்றால் அதுதான் பொருத்தம். வெந்நீரில் கொஞ்சம் சோப்பு போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி அருவருப்பு போய்விடும். வாட்சை முதலில் கழற்றிவிடுங்கள். செயினைப் பிடித்திருக்கும் வாட்சின் காது, செயின் நுனி உரசித் தேய்ந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தால் அதே காலத்து வேறொன்று வாங்கலாம், இரு காதுகளுக்கும் இடையிலுள்ள அகலத்தை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். 17 மி.மீ. இடைவெளியில் 18-ஐத் திணிக்கச் சம்மதிக்கும் கடைக்காரரிடம் வாட்சைக் கொடுக்காதீர்கள்.

வாட்சும் செயினும் இப்படித் தனித்தனியாக வாழ்ந்த காலத்துக்கு முதல் பெரிய அடி 1972-ல் விழுந்தது. ஜெரால்ட் ஜென்டா வரைந்த ஆடெமார்ஸ் பிகேயின் ராயல் ஓக்கில் காது என்று தனியாக எதுவும் இல்லை, கூடே சரிந்து செயினாகிவிடுகிறது. அந்தச் செயினைச் செய்து கொடுத்ததும் கே ஃப்ரேர்தான். 1998-ல் கே ஃப்ரேரையே ரோலெக்ஸ் வாங்கிவிட்டது. ராயல் ஓக் போன்ற வாட்ச் யாருக்காவது சொத்தாக வந்தால், எந்தக் காலத்துச் செயின் பொருந்தும் என்று யோசிக்கிற வேலையே கிடையாது. வேறெந்தச் செயினும் அதில் ஏறாது.