டிராக்டர் வீட்டுப் பிள்ளை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற சாலையில், வில்லியனூரைத் தாண்டி, நடுவில் கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் ஒரு முறை நுழைந்து வெளியே வந்தால் திருபுவனை. தொழிற்பேட்டை லாரி, கல்லூரிப் பேருந்து, கரும்பு ஏற்றிய டிராக்டர் எல்லாம் ஒரே தடத்தில் முட்டிக்கொண்டு போகும். பி.ஒய். நம்பர் போட்ட விலை உயர்ந்த கார் ஒன்று விர்ரென்று கடந்தால் யாரும் தலை நிமிர்த்துவதில்லை. வரி குறைவு என்று வெளியூர்ப் பணக்காரர்கள் புதுச்சேரி முகவரி காட்டிப் பதிவு செய்த கதை ஊரறிந்தது. 2017-ல் கேரளத்தில் அது வழக்கு வரைக்கும் போனது. ஆனால் கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காருகிற, தரையோடு தரையாக ஊர்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நின்றால் டீக்கடையே எழுந்து வரும்.

அப்படி வருவது ட்ரையம்ப் டி.ஆர்.2 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் மூச்சிறைத்து நிற்கிற டிராக்டரை அது அலட்சியமாகப் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை.

வீடு இருந்தது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் சர் ஜான் பிளாக், போரின்போது விமான எஞ்சின் செய்த பேனர் லேன் தொழிற்சாலை சும்மா கிடப்பதைப் பொறுக்காமல், ஹாரி ஃபெர்குசனோடு ஒப்பந்தம் போட்டு 1946-ல் அங்கே டிராக்டர் செய்யத் தொடங்கினார். சின்னச் சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20. அமெரிக்காவிலிருந்து வந்த கான்டினென்டல் எஞ்சினோடு தொடங்கி, சீக்கிரமே ஸ்டாண்டர்டின் சொந்த எஞ்சினுக்கு மாறியது. பத்து வருடத்தில் அந்த டிராக்டர் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அதே எஞ்சின்தான் கம்பெனியின் குடும்பக் காரான வான்கார்டுக்கும். சென்னையில் 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா முதலில் பூட்டிக் கொடுத்த காரும் இந்த வான்கார்டுதான்.

அந்த எஞ்சினின் சூட்சுமம் அதன் லைனரில் இருக்கிறது. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் ஓடும் துளையை பிளாக்கிலேயே குடைந்திருப்பார்கள். தேய்ந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் போரிங் போட வேண்டும். இதில் அப்படி இல்லை. பிளாக் வெறும் பெட்டி. அதற்குள் வார்ப்பிரும்பு உருளை ஒன்று தனியாக உட்காரும்; அதன் வெளிப்புறத்தை ரேடியேட்டர் தண்ணீர் நேரடியாகத் தொட்டு ஓடும். ‘வெட் லைனர்’ என்பார்கள். தேய்ந்தால் ஹெட்டைக் கழற்றி, லைனரை உருவிவிட்டு, பிஸ்டனோடு புது செட் இறக்கிவிடலாம். லேத் இல்லாத ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் குடியானவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிட்ரோயன் ட்ராக்ஸியோன் அவான் காரின் எஞ்சினைப் பார்த்துத்தான் கோவென்ட்ரிக்காரர்கள் இதைப் படித்தார்கள் என்று மோட்டார் வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். ஆக, பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணுக்கு அந்த எஞ்சின் முற்றிலும் அந்நியம் இல்லை.

ஜான் பிளாக்குக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அமெரிக்கர்கள் எம்.ஜி., ஜாகுவார் என்று பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். தன்னிடம் ஒரு காலத்தில் எஞ்சின் வாங்கிக்கொண்டிருந்த ஜாகுவார் வில்லியம் லயன்ஸ் டாலரில் சம்பாதிப்பதைப் பார்க்க அவருக்கு வயிறெரிந்தது. மார்கன் கம்பெனியை விலைக்குக் கேட்டார், அவர்கள் கொடுக்கவில்லை. சரி, கையிலிருக்கும் ட்ரையம்ப் பெயரில் நாமே செய்வோம் என்று இறங்கினார். போருக்கு முன் செய்து மிஞ்சிக் கிடந்த ஃப்ளையிங் நைன் காரின் சேஸை எடுத்தார்கள்; மேஃப்ளவர் காரிலிருந்து முன் சஸ்பென்ஷன்; வான்கார்டின் எஞ்சின். மேலே வால்டர் பெல்க்ரோவ் ஒரு பாடி வரைந்து மூடினார். 1952 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் நிறுத்தினார்கள். கிடைத்ததைப் போட்டுக் கிளறிய உப்புமாதான் அது.

அதை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டது கென் ரிச்சர்ட்சனை, பி.ஆர்.எம். பந்தயக் கார்களைப் பழக்கியவர். திரும்பி வந்து, இது ஆளைக் கொல்லும் வண்டி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பிளாக் பொல்லாத கோபக்காரர். ஆனாலும் சொன்ன ஆளை விரட்டாமல், நீயே வந்து சரிசெய் என்று வேலை கொடுத்தார். முதலாளி காட்டிய பெரிய புத்திசாலித்தனம் அது என்பது என் எண்ணம். ஹாரி வெப்ஸ்டர் புது சேஸ் வரைந்தார். மொட்டையாக இருந்த பின்பக்கத்தை நீட்டிச் சாமான் வைக்க இடம் விட்டார்கள். அதுதான் டி.ஆர்.2.

எஞ்சினில் செய்த வேலைதான் ரசிக்கத்தக்கது. வான்கார்டில் 85 மில்லிமீட்டர் துளை, 2,088 சி.சி. பந்தயத்தில் இரண்டு லிட்டர் பிரிவுக்குள் நிற்க வேண்டுமானால் அது அதிகம். வேறு கம்பெனியாக இருந்தால் புது எஞ்சின் கேட்டிருப்பார்கள். இவர்கள் 83 மில்லிமீட்டர் லைனரை உள்ளே இறக்கினார்கள், 1,991 சி.சி. ஆயிற்று. டிராக்டருக்கு முதலில் கொடுத்தது 80. எஞ்சின் பிளாக் ஒன்றே. இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரும் மாட்டி 90 குதிரைச் சக்தி எடுத்தார்கள். 1953 மே 20 அன்று பெல்ஜியத்தின் யாப்கே நெடுஞ்சாலையில் ரிச்சர்ட்சன் அதை மணிக்கு 124 மைலுக்கு, ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு, விரட்டினார். அப்போது திருபுவனை பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தது. இந்தியாவோடு சேர்வதா என்று முடிவுசெய்த கீழூர் வாக்கெடுப்புக்கு இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி.

டி.ஆர்.2 மொத்தம் எட்டாயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள், பெரும்பகுதி ஏற்றுமதிக்கு. இந்தியாவில் அது அரிதானதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அதே 1953-ல் சுங்கவரி ஆணையம், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாதவர்கள் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டினார்கள். ஸ்டாண்டர்டு தங்கியது, ஆனால் குடும்பக் கார் செய்யத்தான் அனுமதி. ஸ்போர்ட்ஸ் காருக்கு அன்றைய அந்நியச் செலாவணியில் இடமேது.

இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புக்கூடு மட்டும் வேறு வழியில் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கதையும் தற்செயல்தான். ஸ்டாண்டர்டுக்குப் பாடி அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ தொழிற்சாலையை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. உலகமெல்லாம் சேஸும் பாடியும் ஒன்றாக வெல்டு செய்த காருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். இவர்களுக்கு அதைச் செய்து தர ஆள் இல்லை. வேறு வழியின்றிப் பழைய பாணியில் தனி சேஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் அடித்து, போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். டூரினிலிருந்த ஜியோவான்னி மிகெலோட்டி உருவம் கொடுத்தார். 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. துண்டாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்ற இதைவிட வசதியான கார் கிடையாது. 1961 முதல் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று.

ஹெரால்டை வைத்திருந்தவர்களைக் கேட்டால் முதலில் பானட்டைத்தான் சொல்வார்கள். முன் மட்கார்டுகளோடு சேர்ந்து மூக்கு முழுவதும் முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் மாற்றலாம். அதே சேஸை வெட்டிக் குறுக்கி மிகெலோட்டி இரட்டை இருக்கைக் கார் ஒன்றையும் வரைந்தார். காசில்லாமல் அது கிடப்பில் போனது. 1961-ல் லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டை வாங்கி, என்ன இருக்கிறது என்று தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது, ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. நம் ஊரில் குழந்தைகளைப் பின்சீட்டில் அடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போன ஹெரால்டும், கலிஃபோர்னியாக் கடற்கரையில் கூரை மடக்கி ஓடிய ஸ்பிட்ஃபயரும் ஒரே முதுகெலும்பு. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் ஓடின. ரத்தம் அப்படி.

டிராக்டர் எஞ்சினின் கடைசி அத்தியாயமும் வண்டலூரில்தான் எழுதப்பட்டது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. பாடி, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, டேவிட் பேச் அதை வரைந்தபோது ஃபெராரி டேடோனாவை மனதில் வைத்திருந்தார் என்பது தெரிந்த விஷயம். அந்த மூக்கைத் திறந்தால் உள்ளே வான்கார்டு வம்சத்து எஞ்சின், டி.ஆர்.2-வின் அதே 1,991 சி.சி. ஃபெராரி முகம், உழவு மாட்டு நெஞ்சு. நம் சாலைப் பள்ளத்துக்காக சஸ்பென்ஷனை வேறு உயர்த்திவிட்டார்கள். மாருதி வந்துவிட்ட நாட்டில் விலையும் பெட்ரோல் செலவும் எடுபடவில்லை. 1988-ல் கதை முடிந்தது. கேலி செய்வது சுலபம். எனக்கென்னவோ, ஒரு டி.ஆர். வைத்திருப்பவர் வீட்டு ஷெட்டில் பக்கத்திலேயே ஒரு ஸ்டாண்டர்டு 2000-மும் நிற்க வேண்டும் என்று தோன்றும்.

சரி, ஆசைப்பட்டு ஒருவர் டி.ஆர். வாங்கப் போகிறார் என்றால் என்ன பார்ப்பது? பெயின்ட் பளபளப்பை விடுங்கள். புதுச்சேரிக் கடல் காற்று சேஸின் குறுக்குக் கைகளைத்தான் முதலில் தின்னும். சுத்தியால் தட்டினால் ‘ணங்’ என்ற சத்தம் வர வேண்டும், ‘பொத்’ என்று வரக்கூடாது. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பால்டீ நிறத்தில் இருந்தால், லைனரின் அடியில் இருக்கிற எட்டு வடிவ கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் கீழே இறங்குகிறது என்று பொருள். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை ஊதவைத்துக் கெடுக்கும். அதை மாற்றாமல் நீண்ட தூரம் போகாதீர்கள்.

2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது வயது கடந்த வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும், நம்பரில் மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும். தினமும் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. சேஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் விதி.

அங்கேதான் விற்கிறவர் குரல் கொஞ்சம் உயரும். “ஒரிஜினல் எஞ்சின் சார், கை வைக்கவே இல்லை” என்பார். டி.ஆர்.2-வின் எஞ்சின் எண் டி.எஸ். என்ற எழுத்தில் தொடங்க வேண்டும். வி என்று தொடங்கினால் அது ஏதோ ஒரு வான்கார்டிலிருந்து கழற்றி வைத்தது; எந்தக் காலத்திலோ நல்ல எஞ்சின் பழுதாகி, கைக்குக் கிடைத்ததை மெக்கானிக் இறக்கியிருப்பார். சத்தத்திலோ ஓட்டத்திலோ அதைச் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாது. விலையில் கண்டுபிடிக்கலாம், பேரம் பேசுங்கள். துளை 85 இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், இப்போது டி.ஆர். வைத்திருக்கும் பலர் 87 லைனர் போட்டு 2.2 லிட்டருக்கே ஏற்றிக்கொள்கிறார்கள்.