வேகமும் தளர்வும்

தைப்பூசத்துக்கு முதல்நாள், 1859-இல் நிறுவப்பெற்ற சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்திலிருந்து லயன் சித்தி விநாயகர் சந்நிதிக்குப் புறப்படும் வெள்ளி ரதம், எடுத்த எடுப்பில் பாயாமல், மெல்ல அசைந்து, வேகம் கொண்டு, பின் தளர்ந்து நிலைபெறும் அந்தக் கிரமமே உயிர்ச்சித்திரக் கலையின் மூலவிதிகளுள் ஒன்று. டிஸ்னி கலைஞர்களான பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட நூலில் அதனை வகுத்துரைத்தனர்: விநாடிக்குரிய 24 பிரேம்களில், ஆரம்பத்திலும் அந்தத்திலும் சித்திரங்களை நெருக்கி, நடுவில் விலக்கி வைத்தால் சலனம் உயிர்பெறும், சமதூரத்தில் வைத்தாலோ, வெறும் பொம்மை நகர்வுதான். 2005-இல் சிங்கப்பூரில் திறக்கப்பெற்று, 2023-இல் மூட முடிவான லூகாஸ்ஃபிலிம் கலைக்கூடத்தில், ஸ்டார் வார்ஸ் பாத்திரங்களைக் கணினியில் இயக்கியோரும் இந்த விதிக்கே கட்டுப்பட்டனர். 1987-இல் பிறந்த பவர்பாயிண்டிலும் பிற்காலத்தில் அதே சூட்சுமம், மென்மையான தொடக்கம், மென்மையான முடிவு என இரு அமைப்புகளாய் வந்தமைந்தும், நம் பேச்சாளர்களில் அநேகர் அவற்றைத் தொடுவதேயில்லை. அடுத்த முறை அவ்விரண்டையும் அரை விநாடி நீட்டிப் பாருங்கள்.