கஞ்சாவும் பதிவேடும்

'காரணம்: கஞ்சா.' பத்தொன்பதாம் நூற்றாண்டின் பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் இப்படி எழுதி வைத்திருந்தார்கள். எழுதியது யார்? 1893இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த ஏழுபேர் ஆணையம் இதைத் தோண்டியது. ஆளைப் பிடித்துவந்த போலீஸ் நிரப்பிய படிவத்திலிருந்து ஆஸ்பத்திரி அப்படியே இறக்கிக்கொண்ட வாசகம் அது. 1892இல் கஞ்சாவின் பேரில் எழுதப்பட்ட 222 பேரை ஒவ்வொருவராக ஆராய்ந்த ஆணையம் பாதிக்குமேல் தள்ளுபடி செய்தது. காலனி அரசின் ஆவணம் காலனி அரசின் புள்ளிவிவரத்தையே கிழித்துப்போட்ட அபூர்வம் இது. நம்மில் பலர் இதைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஆனாலும் 1,193 சாட்சிகளிடம் கேட்ட கேள்விகளுக்கு ஒரு எல்லை இருந்தது. பைத்தியம், குற்றம், ஒழுக்கம், வரி. உடம்பு என்று வந்தால் சீதபேதி, ஆஸ்துமா. இரத்தக் குழாயை யாரும் கேக்கலை. கேட்டிருக்கவும் முடியாது, கையில் பட்டை சுற்றி அழுத்தம் அளக்கும் கருவியே 1896இல்தான் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்த காலத்தில் சட்டம் குறுக்கே நின்றது: 1961 சர்வதேச ஒப்பந்தம், இங்கே 1985 சட்டம். விசாரணைக்கு உரிய பொருளாக இருந்த உடல் தண்டனைக்கு உரிய பொருளாக மாற்றப்பட்டது.

கேள்வி ஆய்வுக்கூடத்தின் வழியாகத்தான் திரும்பி வந்தது. 1964இல் இஸ்ரேலில் மெக்கூலமும் காவோனியும் போதை தரும் டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்தார்கள். போதை தராத சி.பி.டி.யை 2015இல் நாட்டிங்காம் ஆய்வாளர்கள் மனிதக் குடல் தமனிகளில் சோதித்தார்கள். அறுவைச் சிகிச்சையில் கிடைத்த துண்டுகள் அவை. குழாய்கள் தளர்ந்து விரிந்தன. உட்சுவரை நீக்கினால் அந்த விளைவு குறைந்தது. 2017இல் அதே குழு ஆரோக்கியமான ஆண்கள் ஒன்பது பேருக்கு 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது.

இங்கேதான் சிக்கல். வயதாக ஆகக் கெடுவது அந்த உட்சுவர்தான். சோதனைக்கு வந்தவர்களோ வாலிபர்கள், அதுவும் ஒரே ஒரு வேளை மருந்து. புகையாக உள்ளே போகும் டி.எச்.சி. சமாசாரமே வேறு: இதயத் துடிப்பை ஏற்றும், கரியும் சேர்ந்து வரும். ஒன்றின் நற்சாட்சிப் பத்திரத்தை இன்னொன்றின் கழுத்தில் மாட்டக்கூடாது. கஞ்சா ஆதரவாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

நீண்டநாள் விளைவைச் சொல்லக்கூடியவர் நாற்பது வருஷம் இழுத்த கிழவர். இழுப்பதே குற்றமாக இருக்கிற ஊரில் அவர் டாக்டரிடம் 'பீடி மட்டும்தாங்க' என்பார். பதிவேட்டில் அதுதான் ஏறும்.