ஒரே சட்டமன்றம், இரண்டு விவசாய பூமி

தஞ்சாவூர் வயலுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. ஒரகடம், சேரப்பணஞ்சேரி பக்கத்து வயலுக்கு இல்லை. ஏன்னு தேடிப் போனா, மண்ணை விட்டுட்டு சட்டமன்றத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கு.

பழைய செங்கல்பட்டு, ஏரிகள் மாவட்டம். ஆறு எப்போதாவது ஓடும். நெல்லை விளைய வைத்தது ஏரித் தண்ணீர். 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அடுத்த வருஷமே, திமுக ஆட்சியில், தொழில்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே ஒரு மாநிலச் சட்டம் நிறைவேறியது. சிப்காட்டுக்கு நிலம் எடுக்க உதவும் 1997 சட்டம் இதுதான்.

2013-ல் மத்திய அரசு 1894-ம் வருஷத்துச் சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க ஆய்வு நடத்தணும்; பாசன வசதியுள்ள பல போக நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே தொடலாம். ஆனால் 2014-ல், அதிமுக ஆட்சியில், 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து 1997 சட்டத்துக்கு விலக்கு கொடுத்தார்கள். நஷ்டஈடு புதுக் கணக்கு, எடுக்கும் முறை பழசு.

2019 ஜூலை 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் கூடி, 2013 செப்டம்பர் 26 முதல் செல்லும்படி பின்தேதியிட்டு பழைய சட்டத்துக்கு உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

இப்போ கவனிங்க. அதே சட்டமன்றம், ஏழே மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. புதிதாக ஹைட்ரோகார்பன் கிணறு, துத்தநாக உருக்காலை எதுவும் அங்கே கூடாது. மீத்தேன், நெடுவாசல் என்று வருஷக்கணக்கில் நடந்த போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. அடுத்த வருஷம் தேர்தலும் இருந்தது.

டெல்டாவை ஒரே ஆறு ஒரே குரலாகச் சேர்த்து வைத்திருக்கு. ஏரிப் பாசனத்தில் ஊருக்கு ஓர் ஏரி, ஊருக்கு ஒரு வழக்கு. நிலம் பறிபோகும்போது ஒவ்வொரு ஊரும் தனியாகத்தான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிறது. எந்த வயல் ‘விவசாய பூமி’ என்பதை விளைச்சல் மட்டும் முடிவு செய்வதில்லை. யார் சேர்ந்து நிற்கிறார்கள் என்பதும்தான்.

ஆட்சி மாறியது. 2024-ல் பரந்தூர் விமான நிலையத்துக்காக ஏரிக்கரை ஊர்களுக்கு நோட்டீஸ் வந்தது. அதுவும் 1997 சட்டத்தின் கீழ்தான்.