தலையில்லாத வாத்தியம்

பல்லேகலையில் என் பழைய மாணவர் ஒருவர், தாழ்சுரம் ஒலிக்கும் பேஸ் கித்தார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிவந்து காட்டினார். அதற்குத் தலையே இல்லை. வீணைத் தண்டின் நுனியில் யாளிமுகம் கண்டு பழகிய எனக்கு அது முறிந்த கருவியாகவே தோன்றிற்று.

அதனை ஆக்கிய அமெரிக்கர் நெட் ஸ்டைன்பெர்கர் இசைவாணர் அல்லர். மேசை நாற்காலி வடிவமைத்தவர். நுனியிலுள்ள பிரடைகளின் கனத்தால் கித்தாரின் கழுத்து கீழே சாய்வதை 1970களின் இறுதியில் அவர் கண்டார். தலையை நீக்கிப் பிரடைகளை அடிப்புறத்திற்கு மாற்றினார். மரத்தையும் கைவிட்டு, கார்பன் இழை கலந்த பிசினால் வார்த்தார். 1980 அளவில் வெளிவந்த அதன் பெயர் எல்-2. 1987இல் அவருடைய நிறுவனம் கிப்சன் வசமாயிற்று.

கண்டியின் ஈரக்காற்றில் மரக்கழுத்து வளையும். இஃது எளிதில் வளையாது. வளைந்துவிட்டாலோ, நிமிர்த்துவதற்கு உள்ளே இரும்புக் கம்பி கிடையாது. ஆகவே விலை பேசுமுன் கழுத்து நேராக உள்ளதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தல் வேண்டும். மேலும், இரு முனையிலும் குமிழுடைய தந்தியே இதற்குப் பொருந்தும். அஃது எல்லாக் கடையிலும் கிட்டுவதன்று. மாணவர் இரண்டு கட்டுத் தந்தி முன்னரே தருவித்து வைத்திருந்தார். விலையை மட்டும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.